லிப்பிட் புரொஃபைல் நார்மல் என்று வந்தால் காச்சர் நோய் இல்லை என்று அர்த்தமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அக்கா மகளுக்கு நான்கு வயது. கொஞ்ச நாளாக வயிறு உப்பிக்கொண்டே வந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் மண்ணீரல் பெரிதாக இருக்கிறது, ரத்தத்தில் பிளேட்லெட் குறைவு. எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்த டாக்டர், காச்சர் நோயாக (செல்களுக்குள் ஒருவகைக் கொழுப்பு சேரும் பரம்பரை நோய்) இருக்கலாம் என்று சொல்லி ஒரு என்சைம் டெஸ்ட்டும், 'லைசோ ஜிபி1 லிப்பிட் அனாலிசிஸ்' என்று இன்னொன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஒரு லேபில் லிப்பிட் புரொஃபைல் எடுத்துப் பார்த்து, எல்லாம் நார்மல் என்று நிம்மதியாகிவிட்டார்கள். டாக்டர் எழுதிய டெஸ்ட் இதுதானா, இந்த லிப்பிட் ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானிகள் என்னதான் கண்டுபிடித்தார்கள், சொந்தத்தில் கட்டியதால்தான் குழந்தைக்கு இப்படி ஆனது என்று அத்தை சொல்வது சரியா என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நாள் கடத்தக் கூடாது. அந்த டெஸ்ட் இது இல்லை. லிப்பிட் புரொஃபைல் என்பது ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைட், எச்டிஎல், எல்டிஎல் இவற்றின் அளவு. மாரடைப்பு அபாயம் பார்ப்பதற்கான டெஸ்ட். காச்சர் நோயில் சேர்வது முற்றிலும் வேறொரு கொழுப்பு. அது அந்த ரிப்போர்ட்டில் எந்த வரியிலும் வராது. டாக்டர் எழுதிய லைசோ ஜிபி1 என்பது அந்தக் கொழுப்பிலிருந்து உண்டாகும் பொருள். உண்மையில் காச்சர் நோயாளிகள் பலருக்கு எச்டிஎல், எல்டிஎல் இரண்டுமே சாதாரண அளவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதனால் கொலஸ்ட்ரால் ஏறவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த இரண்டு டெஸ்ட்டையும் தள்ளிப் போடாமல் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். நம் உடம்பின் அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் லைசோசோம் என்று சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் இருக்கும் காயலான் கடை எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பழைய சாமான் வந்து இறங்கும். ஒருவர் வயரை உரித்துச் செம்பைப் பிரிப்பார், ஒருவர் இரும்பை வெட்டுவார், ஒருவர் பிளாஸ்டிக்கை உடைப்பார், எல்லாம் திரும்ப விலைக்குப் போகும். வயர் உரிக்கும் ஆள் மட்டும் வரவில்லை என்றால் மற்ற வேலை நடக்கும், வயர் மட்டும் மலை போல் குவியும். கடைசியில் நடக்க இடமில்லாமல் கடை முழுவதும் ஸ்தம்பிக்கும். லைசோசோமிலும் அதே கதைதான். அங்கே ஒவ்வொரு பொருளை உடைக்கவும் ஒரு தனி என்சைம் உண்டு. ஒன்று வேலை செய்யவில்லை என்றால் அது உடைக்க வேண்டிய பொருள் சேர்ந்துகொண்டே போகும். இப்படி வரும் நோய்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் அபூர்வம். சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு பெரிய குழந்தைகள் மருத்துவமனையிலும் இந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

காச்சர் நோயில் உடையாமல் நிற்பது குளூக்கோசெரிப்ரோசைடு என்ற கொழுப்பு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு, அதோடு ஒட்டிய செராமைடு என்ற கொழுப்பு, அவ்வளவுதான். இது சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. குழந்தைக்கு எண்ணெய்ப் பலகாரம் கொடுத்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வயதான ரத்த அணுக்களை மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் தினமும் தின்று செரிக்கின்றன. அந்த அணுக்களின் சவ்வில் இருக்கும் கொழுப்புதான் இப்படிப் பிரிந்து வருகிறது. அதனால்தான் இந்த நோயில் மண்ணீரல் பெருக்கிறது, மஜ்ஜை அடைபட்டு ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் குறைகின்றன, எலும்பு வலிக்கிறது. ரத்தப் புற்றுநோயோ என்று பயந்து, மஜ்ஜை எடுத்துப் பார்த்த பிறகே இது தெரிய வரும் குடும்பங்கள் நிறைய. உங்கள் அக்கா வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. மஜ்ஜையில் சுருக்கம் விழுந்த பெரிய செல்களைப் பார்த்து டாக்டர் சந்தேகப்பட்டிருக்கிறார். மிகச் சரியான சந்தேகம்.

இனி விஞ்ஞானிகளைப் பற்றி. 1882-ல் ஃபிலிப் காச்சர் என்ற பிரெஞ்சு மருத்துவ மாணவர், மண்ணீரல் பெருத்திருந்த 32 வயதுப் பெண் ஒருவரைப் பற்றித் தன் ஆய்வேட்டில் எழுதினார். அது மண்ணீரலில் வளர்ந்த ஒருவகைக் கட்டி என்று அவர் நினைத்தார். அந்தச் செல்களுக்குள் இருப்பது கொழுப்பு என்று தெரிந்ததும், எந்தக் கொழுப்பு என்ற கேள்வி வந்தது. 1924-ல் லீப் என்பவர் அதைப் பிரித்தெடுத்து, மூளையில் இருக்கும் செரிப்ரோசைடு என்றார். அப்படியானால் அதில் இருக்க வேண்டிய சர்க்கரை கேலக்டோஸ். பத்து வருடம் கழித்து, 1934-ல் பாரிஸில் அகியோன் என்பவர், இல்லை, இதில் இருப்பது குளுக்கோஸ் என்று காட்டினார். கேலக்டோஸா குளுக்கோஸா என்ற இந்தச் சின்ன வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் மறுபடி வரும்.

ஏன் சேர்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. லைசோசோம் என்ற ஒன்று இருப்பதே 1955-ல்தான், பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் த தூவ் செய்த வேலையால் தெரிய வந்தது. 1974-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய குழுவிலேயே இருந்த ஹென்ரி ஹெர்ஸ் 1963-ல், பாம்ப்பே (Pompe) என்ற தசை நோயில், உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்கும் லைசோசோம் என்சைம் இல்லை என்று கண்டுபிடித்தார். ஒரு நோய்க்கும் லைசோசோமுக்கும் முதல் முடிச்சு விழுந்தது அங்கேதான்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது ராஸ்கோ பிரேடி பற்றி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வாழ்நாள் முழுவதும் இந்த ஒரே துறையில் வேலை செய்தவர், 2016-ல் காலமானார். அவர் கேட்ட கேள்வி மிக எளிமையானது. ஒரு பொருள் குவிந்து கிடக்கிறது என்றால் அதிகமாக உற்பத்தியாகியிருக்க வேண்டும், அல்லது சரியாக அழியாமல் இருக்க வேண்டும். இரண்டில் எது? முதலில், அறுவை செய்து எடுத்த நோயாளிகளின் மண்ணீரல் துண்டுகளை வைத்து, அந்தக் கொழுப்பு எவ்வளவு வேகமாக உருவாகிறது என்று பார்த்தார்கள். சாதாரண வேகம்தான். உற்பத்தி பக்கம் தப்பில்லை. அப்புறம் உடைப்பதைப் பார்க்க வேண்டும். அதற்குக் கதிரியக்கக் கார்பன் சேர்த்த குளூக்கோசெரிப்ரோசைடு வேண்டும். எங்கும் விலைக்குக் கிடைக்காத பொருள் அது, ஆய்வகத்திலேயே படிப்படியாகச் செய்ய வேண்டியிருந்தது. செய்து முடித்து, நோயாளியின் திசுவோடு சேர்த்துப் பார்த்தபோது சாதாரணத் திசு உடைப்பதை அது உடைக்கவில்லை. 1965-ல் சக ஆய்வாளர்கள் கான்ஃபர், ஷபீரோ இருவரோடும் சேர்ந்து இதை வெளியிட்டார். குளூக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற என்சைமின் குறைதான் காச்சர் நோய் என்பது அன்றைக்கு முடிவானது. அதே வழியில் அவர் குழு, இதே போல் கொழுப்பு சேரும் வேறு இரண்டு நோய்களான நீமன்-பிக் நோய்க்கு 1966-லும், ஃபேப்ரி நோய்க்கு 1967-லும் காரணமான என்சைமைக் கண்டுபிடித்தது. வருடத்துக்கு ஒன்று! கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டால் பதில் எப்படி வரிசையாக வருகிறது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

காரணம் தெரிந்தாயிற்று. இல்லாத என்சைமை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? அந்த என்சைமுக்கு பிரேடி தேர்ந்தெடுத்த மூலப்பொருள், பிரசவத்தில் வெளியே வரும் நஞ்சுக்கொடி. 1974-ல் இரண்டு நோயாளிகளுக்கு அதை ஏற்றிப் பார்த்தார்கள். ஈரலில் சேர்ந்திருந்த கொழுப்பு நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. ஆனால் அடுத்து வந்த வருடங்களில் அதே பலன் திரும்பத் திரும்பக் கிடைக்கவில்லை. ஏற்றிய என்சைம் போக வேண்டிய மேக்ரோஃபேஜுக்குப் போகாமல் ஈரலின் மற்ற செல்களுக்குப் போய்விடுகிறது என்பது பிறகு புரிந்தது. மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி (ரிசெப்டர்) ஒன்று இருக்கிறது. அதனால் என்சைமின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் முனையை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, மேனோஸ் வெளியே தெரியும்படி செய்தார்கள். அப்போதும் முதல் சுற்றில் பெரியவர்களுக்குப் பலன் தெரியவில்லை. நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மட்டும் ஹீமோகுளோபின் ஏறியது, பிளேட்லெட் ஏறியது. எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தார்கள், அவன் உடம்பு சின்னது, அதனால் எடைக்கு எடை அவனுக்குத்தான் அதிகம் கிடைத்தது. அளவுதான் பிரச்சினை என்று அந்தக் குழந்தை காட்டிக் கொடுத்தான். அளவைக் கூட்டி 12 பேரிடம் சோதித்து, 1991-ல் மருந்துக்கு அனுமதி வாங்கினார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வருடத்துக்கு மருந்து எடுக்க ஏறத்தாழ 20,000 நஞ்சுக்கொடி தேவைப்பட்டது. நம் ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் போன்ற ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரியை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்ணை யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். 1994-ல், ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களிலிருந்தே என்சைம் தயாரிக்கும் முறை வந்து இந்தச் சுமை நீங்கியது. இன்றைக்கு உங்கள் அக்கா மகளுக்கு டாக்டர் சொல்லப்போகும் என்சைம் ஊசி அந்த வழியில் வந்ததுதான்.

இதற்கெல்லாம் அடியில் இருந்தது கொழுப்பைப் பிரித்து அடையாளம் காணும் கைவேலை. அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் டாக்டர் எழுதிய டெஸ்ட் என்னவென்று தெளிவாகும். நான் உயிர்வேதியியல் லேபில் வேலை பார்த்தவன், இந்த வேலையைக் கையால் செய்திருக்கிறேன். கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் 1957-ல் ஃபோல்ச் என்பவர் வகுத்த முறைப்படி, குளோரோஃபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு கலந்த திரவத்தில் திசுவையோ ரத்தத்தையோ கலக்குவோம். கண்ணாடிக் குழாய்தான் வேண்டும். பிளாஸ்டிக் என்றால் குளோரோஃபார்ம் அதிலிருந்தும் எதையாவது கரைத்துக்கொண்டு வந்துவிடும். கலக்கியதோடு கொஞ்சம் உப்புத் தண்ணீர் சேர்த்து மையவிலக்கில் சுற்றினால் இரண்டு அடுக்காகப் பிரியும், நடுவே வெள்ளைத் தகடாகப் புரதம் நிற்கும். கனமான குளோரோஃபார்ம் கீழே தங்கும், பெரும்பாலான கொழுப்பு அதில்தான் இருக்கும். டே-சாக்ஸ் என்ற, மூளையைத் தாக்கும் லைசோசோம் நோயில் சேரும் கேங்கிளியோசைடு மாதிரி நிறைய சர்க்கரை ஒட்டிய வகை மட்டும் மேல் அடுக்குக்குப் போய்விடும். அவசரத்தில் மேல் அடுக்கைக் கொட்டிவிட்டால் அந்த நோய்க்கான சாட்சியும் போய்விடும். கீழ் அடுக்கை பைப்பெட்டால் எடுத்து, நைட்ரஜன் வாயுவை மெல்ல ஊதி உலர்த்துவோம். காற்றை ஊதினால் ஆக்சிஜன் பட்டுச் சில கொழுப்புகள் கெட்டுவிடும்.

அந்தக் காலத்தில் அடுத்த படி சிலிக்கா பூசிய கண்ணாடித் தட்டு. நுண்குழாயால் ஒரு சொட்டு வைத்து, கரைப்பான் மேலே ஏறும்போது ஒவ்வொரு கொழுப்பும் ஒவ்வொரு உயரத்தில் நிற்கும். ஆர்சினால் கலந்த கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் சர்க்கரை ஒட்டிய கொழுப்புகள் ஊதா நிறத்தில் எழும்பி வரும். காச்சர் நோயாளியின் மண்ணீரலாக இருந்தால், சாதாரணமாக மங்கலாகத் தெரியும் ஒரு பட்டை அடர்த்தியாகக் கிடக்கும். இன்றைக்கு அந்தத் தட்டின் இடத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது. அது மூலக்கூறை எடை போட்டுத் தேர்ந்தெடுக்கும், உடைக்கும், உடைந்த துண்டையும் எடை போடும். லைசோ ஜிபி1 என்றால் 462 எடையில் ஒரு அயனி (மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு), உடைந்தால் 282 எடையில் ஒரு துண்டு. இந்த ஜோடியைத் தேடினால் ஒரு துளி ரத்தத்தில் இருப்பதைக்கூட அளந்துவிடலாம்.

இங்கேதான் குளுக்கோஸா கேலக்டோஸா என்ற அந்தப் பழைய கேள்வி திரும்ப வருகிறது. கிராபே என்று இன்னொரு லைசோசோம் நோய் இருக்கிறது, கைக்குழந்தைகளின் நரம்புகளை அழிப்பது. அதில் சேரும் சைக்கோசின் என்ற பொருளுக்கும் இதே 462, இதே 282. இரண்டுக்கும் ஒரே வித்தியாசம், ஒன்றில் குளுக்கோஸ், இன்னொன்றில் கேலக்டோஸ். அதாவது நான்காவது கார்பனில் ஒரு ஓஎச் தொகுதி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மட்டும்தான். எடையை வைத்துக் கருவியால் பிரிக்க முடியாது. அதற்கு முன்னால் குரோமட்டோகிராஃபியில் (அந்தச் சிலிக்கா தட்டு போலப் பொருள்களைப் பிரிக்கும் முறையில்) இரண்டையும் தனியாக்க வேண்டும். இதைச் செய்யும் லேபும் உண்டு, இரண்டையும் சேர்த்தே அளந்து கொடுக்கும் லேபும் உண்டு. மண்ணீரல் வீங்கிய நான்கு வயதுக் குழந்தைக்கு இது பெரிய குழப்பம் தராது. கிராபே நோயில் மண்ணீரல் வீங்காது. ஆனால் பச்சிளம் குழந்தைப் பரிசோதனையில் இது உயிர்ப் பிரச்சினை.

சரி, என்சைம் டெஸ்ட் இருக்கும்போது கொழுப்பை ஏன் தனியாக அளக்க வேண்டும்? நோயை உறுதி செய்ய என்சைம் டெஸ்ட்தான் முதல் படி, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது சோதனைக் குழாயில் செயற்கையான ஒரு பொருளைக் கொடுத்து என்சைம் உடைக்கிறதா என்று பார்ப்பது. உடம்புக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்வது கொழுப்புதான். மெட்டாக்ரோமேட்டிக் லியூக்கோடிஸ்ட்ரோஃபி என்ற, நரம்புகளைத் தாக்கும் லைசோசோம் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான என்சைம் அளவு குறைவாகவே இருந்தும் வாழ்நாள் முழுவதும் எந்த நோயும் இல்லாமல் வாழும் ஆட்கள் இருக்கிறார்கள். வெறும் என்சைம் ரிப்போர்ட்டைப் பார்த்தால் அவர்களையும் நோயாளி என்றுதான் சொல்வோம். சிறுநீரில் சல்ஃபடைடு கொழுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. காச்சர் என்சைம் வேலை செய்ய சாப்போசின் சி என்ற துணைப் புரதம் வேண்டும். சிலருக்கு என்சைம் நன்றாக இருக்கும், துணைப் புரதம் இருக்காது. சோதனைக் குழாயில் எல்லாம் நார்மல், உடம்பிலோ கொழுப்பு குவிந்துகொண்டிருக்கும். டே-சாக்ஸ் குடும்பத்திலும் இப்படி ஒரு வகை இருப்பதை ஜெர்மனியில் கோன்ராட் சாண்ட்ஹாஃப் கண்டுபிடித்தார். திசுவில் இருக்கும் கொழுப்பை நம்பி, என்சைம் நார்மல் என்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் மேலே தேடியதால்தான் அது வெளியே வந்தது. என்னைக் கேட்டால், இந்தத் துறை முழுவதிலும் கடைசி வார்த்தை கொழுப்புக்குத்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு அதுதான் முக்கியம். குளூக்கோசெரிப்ரோசைடு சேரச் சேர, உடம்பே அதிலிருந்து ஒரு கொழுப்பு அமிலத்தைக் கழற்றி லைசோ ஜிபி1-ஆக மாற்றுகிறது. அது ரத்தத்தில் கரைந்து வெளியே வருகிறது. மூலக் கொழுப்பு ரத்தத்தில் இரண்டு மூன்று மடங்குதான் கூடும். லைசோ ஜிபி1 சிகிச்சை இல்லாதவர்களுக்கு நூறு மடங்குக்கும் மேல் ஏறும். அதனால் நோயைக் காட்டுவதிலும், மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதிலும் இது அருமையான அடையாளம். ஊசி தொடங்கிய பிறகு மாதங்கள் போகப்போக இறங்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு விஷயம் மட்டும் கவனம். சில லேப் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று கொடுக்கும், சில லேப் லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று கொடுக்கும். முதலாவதில் 100 என்றால் இரண்டாவதில் 217. இதைக் கவனிக்காமல், லேப் மாறியதும் அளவு இரண்டு மடங்காகிவிட்டது என்று அழுத தாயை நான் பார்த்திருக்கிறேன். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

ரத்தம் கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். என்சைம் என்பது புரதம், சூட்டில் செத்துப்போகும். வெள்ளை அணுக்களில் பார்க்கும் டெஸ்ட் என்றால் ரத்தம் ஒன்றிரண்டு நாளுக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் சனிக்கிழமை மாலையோ பண்டிகைக்கு முந்தின நாளோ கொடுக்காதீர்கள். வடிகட்டித் தாளில் சொட்டு வைக்கும் முறை என்றால் வெயில் படாமல், சூடு இல்லாத அறையில் மூன்று நான்கு மணி நேரம் முழுக்க உலர வேண்டும். அப்புறம்தான் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு கவரில் போட வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரை ஓரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சித்திரை மாதத்தில் உப்பு டப்பாவே தண்ணீர் விடும் ஊர் நம்முடையது. ஈரத்தோடு மூடிய தாள் லேபுக்குப் போகும்போது என்சைம் பாதி போயிருக்கும், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். அந்த ரிப்போர்ட்டில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு என்சைமும் அளந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அதுவும் சேர்ந்து குறைந்திருந்தால் ரத்தம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம், மறுபடி கொடுக்க வேண்டும். கொழுப்பு இவ்வளவு சீக்கிரம் கெடாது. லைசோ ஜிபி1-க்கு வெறும் வயிறும் தேவையில்லை.

எங்கே போவது என்றால், ஸ்டான்லியில் காட்டிக்கொண்டிருந்தால் அங்கிருந்தே எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். நோய் உறுதியானதும், 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையம் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று 2022-ல் அறிவித்தார்கள். காச்சர் நோய் அதில் இருக்கிறது. என்சைம் ஊசி வாழ்நாள் முழுவதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடைக்கு ஏற்ற அளவில் ஏற்றுவது. குழந்தை வளர வளரச் செலவும் வளரும். அந்த 50 லட்சம் தீர்ந்த பிறகு என்ன என்ற கேள்விக்கு அரசு உறுதியான பதில் சொல்லியே ஆக வேண்டும். தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதை எந்தக் குழந்தைக்கும் நடக்க விடக் கூடாது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. எலிகுளுஸ்டேட் என்ற மாத்திரை, கொழுப்பின் உற்பத்தியையே குறைப்பது. வருடத்துக்கு ஒன்றே முக்கால் கோடிக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது, இந்தியாவில் தயாரானதும் 3 முதல் 6 லட்சம் ஆகும் என்று 2023 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. பெரும்பாலும் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மருந்து அது, நான்கு வயதுப் பாப்பாவுக்கு இப்போது பொருந்தாது. ஆனாலும் அவள் வளரும்போது வழி இருக்கிறது.

டாக்டரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது, கண் அசைவைப் பார்த்தீர்களா என்பது. காச்சர் நோயில் மூளையைத் தொடாத வகையும் உண்டு, தொடும் வகையும் உண்டு. இந்தியக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் எல்444பி என்ற மரபணு மாற்றம் இரண்டு பிரதியிலும் இருந்தால் நரம்பு சம்பந்தப்பட்ட வகையாக இருக்க வாய்ப்பு கூடுதல். பக்கவாட்டில் சட்டென்று பார்க்கக் கஷ்டப்படுவது அதன் ஆரம்ப அடையாளம். ஊசியாக ஏற்றும் என்சைம் மூளைக்குள் போகாது. அதனால் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அத்தை சொன்னதற்கு வருகிறேன். தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்குக்கு மேல் திருமணம் சொந்தத்தில்தான் நடக்கிறது. அந்த வீடுகளில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே இருக்கிறார்கள். இந்த நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய மரபணு ஒவ்வொன்று வர வேண்டும். சொந்தத்தில் கட்டும்போது ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அது இரண்டு பக்கமும் இறங்கியிருக்க வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் வருகிறது. அக்கா கொடுத்தது பாதி, மாமா கொடுத்தது பாதி. அந்த மரபணு அத்தை வழியாகவும் வந்திருக்கலாம். யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை, அதிலும் தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது பெரிய அநியாயம். இதை நீங்களே வீட்டில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள், தம்பி சொன்னால் அக்காவுக்குத் தெம்பாக இருக்கும்.

அக்கா மறுபடி கர்ப்பமானால் ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பாப்பாவின் மரபணு டெஸ்ட் கையில் இருந்தால் கர்ப்பத்தின் 11-13 வாரத்திலேயே நஞ்சுக்கொடியிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்துவிடலாம். அதனால் அந்த டெஸ்ட்டை இப்போதே முடித்து வையுங்கள், கர்ப்பமான பிறகு ஓடினால் நேரம் போதாது.

ரிப்போர்ட் வரும்வரை மண்ணீரலில் அடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் குதித்து விளையாடுவது, பைக் டேங்க் மேல் உட்கார வைப்பது வேண்டாம். பிளேட்லெட் குறைவாக இருப்பதால் ஆஸ்பிரின், ப்ரூஃபன் எதையும் மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். யாராவது மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று சொன்னால் உடனே ஒத்துக்கொள்ள வேண்டாம். மண்ணீரலை எடுத்த பிறகு எலும்பு, ஈரல் பாதிப்பு அதிகமாகும் ஆபத்து இருக்கிறது, ஊசியிலேயே அது சுருங்கும். ரிப்போர்ட் வந்ததும் குழந்தையின் பெயரை மறைத்துவிட்டு, என்சைம் அளவு, ஒப்பீட்டு என்சைம், லைசோ ஜிபி1-ன் அளவும் அலகும் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.